டபுள் கார்புரேட்டர் வண்டிக்காக நான் அடித்த கடிதம்

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு சைக்கிள் இருந்தது. அந்த லட்சணத்தில்தான் நாங்கள் ஓயாமல் காரைப் பற்றிப் பேசினோம். டீக்கடையில் பேசினோம், தேர் பார்க்கப் போன இடத்தில் பேசினோம், ஒருமுறை எழவு வீட்டுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கியர் பாக்ஸைப் பற்றிப் பேசி, ஒரு கிழவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஊரில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்திருக்கலாம், எங்களுக்குப் புத்தி வந்திருக்கும்.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாஸ்டர். இருபத்தெட்டு வயசு. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்ற திமிர் உடம்பு முழுக்க இருந்தது. இரண்டாவது ஆள் மெக்கானிக் பாய், ஒலிமுகமது பேட்டையில் தகரக் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் நடத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் பிள்ளையார்பாளையத்து அண்ணன். நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைதான், ஆனால் தறியில் உட்காரவில்லை. தறிக்கு மேலே மாட்டுகிற ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடித்துக் கொடுப்பார். கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்திருக்கும் மயிலைப் பார்த்து அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்த வேண்டும். ஒரு ஓட்டை தப்பினால் புடவை முழுக்க ஒரு மயிலுக்கும் மூக்கு இருக்காது. அவ்வளவு நிதானமான மனுஷன். அவரைத்தான் நாங்கள் கெடுத்தோம்.

அந்தக் காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கம்பெனிமேல் பழி போட நான் இதை எழுத உட்காரவில்லை. நாலு கதவு வைத்த சின்னக் கார், அவ்வளவுதான். அதே உடம்பில் சில வண்டிகளுக்கு மட்டும், எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டுகிற கார்புரேட்டரை ஒன்றுக்கு இரண்டாக வைத்து விற்றார்கள். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. காலை வைத்து அமுக்கினால்தான் தெரியும், முதுகு சீட்டோடு போய் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அதற்கு ‘டபுள்’ என்று பெயர் வைத்தோம்.

நாங்கள் டபுளைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவை. கோயிலுக்கு வந்த மலை எஸ்டேட்காரர் ஒருவரின் வண்டி திணறுகிறது என்று பாயின் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாய் ஒரு ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் இன்னொரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறதா என்று கேட்டுக் கேட்டுத் திருகினார். சரியானதும் ஓட்டிப் பார்க்க வேண்டுமல்லவா? மூன்று பேரும் ஏறிக்கொண்டோம். வேலூர் ரோட்டில் பாலுசெட்டி சத்திரம் வரைக்கும் போனோம். அடேங்கப்பா! புளியமரமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பின்னால் போயிற்று. பாய் கத்தினார், நான் கத்தினேன். பின் சீட்டில் இருந்த அண்ணன் மட்டும் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கினதும், “இந்த வேகத்துல போனா வேலூருக்கு அம்பது நிமிஷம் மாஸ்டர்” என்றார்.

அவர் ஏன் வேலூரைச் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியும். அவருடைய சம்சாரத்துக்கு, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், சின்ன வயசில் மூட்டுக்காய்ச்சல் வந்து இருதயத்தில் வால்வு சுருங்கிப்போயிருந்தது. மாசம் ஒரு தரம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். போக இரண்டேகால் மணி நேரம், வர இரண்டேகால் மணி நேரம், எல்லாம் பஸ்சில். திரும்பி வந்தால் மூன்று நாள் எழுந்திருக்க மாட்டார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் உடம்பு கொஞ்சம் தேறட்டும், இப்படிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு வந்தால் எங்கே தேறுவது என்று டாக்டர் ஒவ்வொரு தரமும் சத்தம் போட்டார். மாசாமாசம் வாடகைக் கார் எடுக்க அட்டை அடிக்கிற வருமானம் காணாது. திருப்புட்குழியில் அண்ணியின் அப்பா கொடுத்த நிலம் கொஞ்சம் இருந்தது. அதை விற்றுவிட்டுச் சொந்தமாக ஒரு கார் வாங்கிவிடுவது, அண்ணியைக் கூட்டிப்போகாத நாளில் அதை ஜவுளிக்கடை சவாரிக்கு விடுவது என்று முடிவானது. நல்ல முடிவுதான். அதில் டபுளைக் கொண்டுவந்து சொருகியது நாங்கள்.

அந்தக் காலத்தில் கையில் காசு இருந்தாலும் கார் வராது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் முறைக்குக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அறுபதுகளின் நடுவில் ஒருநாள் விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். எந்த மாடல் என்று கேட்டிருந்த கட்டத்தில் டபுளின் முழுப்பெயரை எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

ஏழு வருஷம் காத்திருந்தோம். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அண்ணி கிண்டல் பண்ணுவார். “வாங்க தம்பி. என் சக்களத்தி எப்ப வராளாம்? வருஷக்கணக்கா வரா வரான்றீங்க, அவளுக்கு இன்னா, பல்லக்கு அனுப்பணுமா?” சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரித்தால் மூச்சு வாங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு திரும்பினதும் மீதிச் சிரிப்பைச் சிரிப்பார்.

ஒரு தை மாசம் கடிதம் வந்தது. அண்ணன் அதைப் பிரிக்காமல் பாயின் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் படித்துச் சொன்னேன். உங்கள் முறை வந்துவிட்டது. ஆனால் நீங்கள் கேட்ட மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது. காரைப் புதிதாக வடிவமைத்திருக்கிறோம், இனி ஒரே கார்புரேட்டர் வைத்த வண்டி மட்டும்தான். சம்மதமா என்று முப்பது நாளைக்குள் தெரிவிக்கவும். கூடவே வழவழப்பான காகிதத்தில் புது வண்டியின் படம். முன்னால் பெரிய விளக்கு, பளபள என்று நிக்கல் பட்டை, பின்னால் நீட்டி விட்ட டிக்கி.

பாய் படத்தை வாங்கிப் பார்த்தார். வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, “யா அல்லா! கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சிட்டு உசுர உருவிட்டானுங்கப்பா” என்றார். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. பொய் சொல்லவில்லை, என் அப்பா செத்தபோதுகூட அப்படி ஆத்திரம் வரவில்லை. ஏழு வருஷம்! எவனோ ஒருவன் ஒரு ஆபீசில் உட்கார்ந்து, இந்த ஜனங்களுக்கு ஒரு கார்புரேட்டர் போதும் என்று பேனாவால் ஒரு கோடு கிழித்துவிட்டான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாய் ஸ்பானரைத் தூக்கித் தகரத்தின் மேல் அடித்தார். பெரிய மனுஷர்கள் இரண்டு பேர் விளையாட்டுச் சாமான் உடைந்த பிள்ளைகளைப் போல ஆடினோம்.

அண்ணன் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “சீட்டு நல்லா அகலமா இருக்குது இல்ல?” என்றார் மெதுவாக. “அவ காலை நீட்டிக்கினு வரலாம்.”

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மூடவில்லை.

“அண்ணா, கடைக்காரர் பச்சை பார்டர் கேட்டு, நெய்றவரு சிவப்பு பார்டரு கொண்டாந்தா இன்னா பண்ணுவாரு?”

“எடுத்துக்கினு போன்னுவாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, பச்சை பார்டரு நெய்ஞ்சி எடுத்தாரணும்.”

“அவ்ளோதாண்ணா. வேணான்னு திருப்பி அனுப்பு. கேட்டதக் கொண்டாருவான்.”

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். கடைக்காரர் புடவையை விரித்துப் பார்த்து, நான் சொன்னது இது இல்லை என்று மடிக்காமல் தள்ளிவிட்டால், நெய்தவர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய் வேறு பாவு போட்டு மறுபடி நெய்வார். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கார் கம்பெனியும் அப்படியே வெட்கப்பட்டுக்கொண்டு போய் இரண்டு கார்புரேட்டர் வைத்து எடுத்து வரும் என்று மூன்று பேரும் நம்பினோம். வேறு ஊர்க்காரன் யாராவது கூட இருந்தால், ஏண்டா உங்களுக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டிருப்பான். ஒருத்தனும் இல்லை. அண்ணனுக்கு முகம் தெளிந்தது. மறுநாள் சாயங்காலம் நான் கடிதத்தை டைப் அடித்து வைப்பது, அவர் வந்து கையெழுத்துப் போடுவது என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் பதினோரு மணிக்கு அண்ணி இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்திருக்கிறார். உதடு நீலமாக இருந்தது. பெண்பிள்ளைகள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். நான் நாற்காலியைப் போட்டேன். மூச்சு திரும்பின பிறகுதான் அண்ணி பேசினார்.

“தம்பி, வர வண்டிய வேணான்னு எழுதப் போறீங்களாமே?”

“இல்ல அண்ணி, அது வந்து... நல்ல வண்டியாக் குடுன்னு கேக்கறோம்.”

“எனக்கு எந்த வண்டியா இருந்தா இன்னா தம்பி? உட்கார்றதுக்கு எடம் இருக்குதில்ல? அது போதும் எனக்கு.”

“அண்ணங்கிட்ட சொல்லுங்களேன்.”

“என்னத்தச் சொல்ல? ஏழு வருஷமா தூக்கத்துலகூட அந்த வண்டியத்தான் ஓட்றாரு. எனக்காகத்தான்றாரு. நான் போய் வேணாம்னு சொன்னா மூஞ்சி செத்துப்பூடும், என்னால பார்க்க முடியாது. உங்க பேச்சைத்தான் கேப்பாரு. நீங்க சொன்னதா சொல்லுங்க. நான் வந்தேன்னு தெரிய வேணாம். இந்த பஸ்சு என்னால ஆவல தம்பி. சத்தியமா ஆவல.”

“சரி அண்ணி, நான் சொல்றேன், நீங்க கவலப்படாதீங்க” என்றேன். சத்தியமாகச் சொல்வது என்றுதான் இருந்தேன். கைத்தாங்கலாகப் படியில் இறக்கிவிட்டு, ரிக்‌ஷா பிடித்து ஏற்றியும் விட்டேன்.

சாயங்காலம் அண்ணனும் பாயும் வந்தார்கள். அண்ணன் சலவை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வந்தவர் மாதிரி இருந்தார். “மாஸ்டர், எழுதறத நல்லா உறைக்கிற மாதிரி எழுது” என்றார். அதுவரைக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் தொண்டையில் வைத்திருந்தேன். ஆனால் நான் காலையிலேயே, அண்ணி வருவதற்கு முன்னாலேயே, கடிதத்தை மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். இங்கிலீஷில் அப்படி ஒரு வாக்கியம் அமைந்திருந்தது. ஏழு வருஷப் பொறுமைக்கு நீங்கள் தரும் பரிசு அரை மூச்சு வண்டியா என்று அர்த்தம் வரும். அதைத் தட்டாமல் விட எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருக்கிறதா என்று எத்தனையோ வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. இரண்டு மாசத்தில் டபுள் வந்து நின்றால் அண்ணிக்கும்தானே நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதத்தைச் சொருகினேன், நடுவில் கார்பன் வைத்தேன், ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்தேன். வாசித்துத் தமிழில் அர்த்தம் சொன்னபோது பாய் கைதட்டினார். அண்ணன் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அச்சடித்த கார்டு, நடுவில் பெயரும் நம்பரும் மட்டும் கையால் எழுதியது. தங்கள் விருப்பப்படி பதிவு ரத்து செய்யப்பட்டது, முன்பணம் திருப்பி அனுப்பப்படும். என் வாக்கியத்தை எவனும் படித்ததாகக்கூடத் தெரியவில்லை. மறுபடி பதிந்தால் மறுபடி வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். அண்ணன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப பச்சை பார்டரு வராதா மாஸ்டர்?” என்று கேட்டார். நான் கம்பெனியைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே.

அண்ணிக்குத் தெரிந்த அன்றைக்கு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. வழியில் ஒருமுறை எதிர்ப்பட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. “இன்ஸ்டிட்யூட்ல பசங்கல்லாம் நல்லா படிக்குதுங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பங்குனியில் எங்கள் ஊர் ஜவுளிக்கடை முதலாளி வீட்டு வாசலில் புது மாடல் வந்து நின்றது. ஒரே கார்புரேட்டர், வெண்ணெய் நிறம். ஊரே போய்த் தொட்டுப் பார்த்தது. நானும் பாயும் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, இது டப்பா, மேடு வந்தால் இறங்கித் தள்ளணும் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னோம். முதலாளிக்குக் காதில் விழுந்திருக்கும்.

வைகாசியில், எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கருட சேவைக்கு முதல் நாள் அண்ணிக்கு ஆஸ்பத்திரி முறை விழுந்தது. காலையில் போகும்போது எப்படியோ உட்கார இடம் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் திரும்பும்போது வேலூர் பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பின ஒவ்வொரு பஸ்சிலும் சேவைக்கு வருகிற கூட்டம் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. மூன்று பஸ்சை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினார்கள். அண்ணி நின்றுகொண்டுதான் வந்தார். ராணிப்பேட்டை தாண்டியதும் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, “இறக்கி விடுங்க” என்று மட்டும் சொன்னாராம். அண்ணன் அவரை வாலாஜாவில் இறக்கி ஒரு சோடாக்கடை பெஞ்சில் படுக்கவைத்து, அந்த வழியாக வந்த லாரியை நிறுத்தி, மறுபடி வேலூருக்கே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்காரர்கள் முடிந்ததெல்லாம் செய்தார்கள். விடியும்போது உயிர் போய்விட்டது.

ஜவுளிக்கடைக்குத்தான் டிரங்க் கால் வந்தது. முதலாளி ஆள் அனுப்பி என்னையும் பாயையும் கூப்பிட்டார். உடம்பை ஏற்ற எந்த வாடகைக் காரும் சம்மதிக்காது என்று அவருக்குத் தெரியும். சாவியை எடுத்துப் பாயின் கையில் வைத்து, “டிரைவர் சேவைக்குப் போயிட்டான். நீங்க ஓட்டுங்க பாய். கழுவறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், போயி அந்தம்மாவ நல்லபடியா கூட்டிக்கினு வாங்க” என்றார். நாங்கள் டப்பா என்று சொன்ன வண்டி. பாய் குனிந்த தலை நிமிரவில்லை.

ஊரே கருடனைப் பார்க்க உள்ளே வந்துகொண்டிருக்க, நாங்கள் எதிர்த்திசையில் போனோம். வேலூரில் அண்ணியைப் பின் சீட்டில் படுக்கவைத்தோம். தலை அண்ணன் மடியில், கால் என் மடியில். நான் பிடித்துக்கொண்டேன். பாதம் வீங்கியிருந்தது, மெட்டி உள்ளே புதைந்து கிடந்தது.

காவேரிப்பாக்கம் தாண்டி ரோடு நேராக விழுந்ததும் பாயின் கால் தன்னால் அமுக்கியது. வண்டி திணறவில்லை, முக்கவில்லை, ஒரு சத்தம் போடவில்லை. அந்த நேரத்திலும் என் காது எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நல்ல எஞ்சின். அதில் ஒரு குறையும் இல்லை.

அண்ணன், “குலுங்கவே இல்ல பாரு பாய்” என்றார். “இவ தலை அசையவே இல்ல.” பாய் வேகத்தைக் குறைத்தார்.

பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். அழவில்லை. கணக்குத் தப்பின அட்டையைப் பார்க்கிற மாதிரி யோசனையாகப் பார்த்தார்.

“ஏம் மாஸ்டர், இவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? எந்த வண்டியானா பரவால்ல, வாங்கிடுங்கன்னு ஒரு வார்த்த. சொல்லியிருந்தா நான் கையெழுத்து போட்டிருப்பேனா? ஒருத்தர்கிட்டயும் சொல்லலியே இவ.”

என் மடியில் அண்ணியின் கால் இருந்தது. நான் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆமாண்ணா” என்றேன். “ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”